எடுக்கவில்லை, தின்னவில்லை, தெரியாது

ஐம்பத்திரண்டு வயதுவரை ஹரிடிமோஸ் ஒரு ஆட்டையும் திருடியதில்லை, ஒரு பொய்ச்சத்தியமும் செய்ததில்லை. சிலோரிட்டிஸ் மலையில் மேய்ப்பனாக இருந்துகொண்டு இரண்டையும் சாதிப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

பனி உருகியதும் நூற்றிருபது ஆடுகளோடு நீடா சமவெளிக்கு ஏறிவிடுவான். கல்மேல் கல் அடுக்கிய வட்டக் குடிசையில் பால் காய்ச்சிப் பாலாடைக்கட்டி போடுவான். வாசலுக்கு நேர் மேலே கிரேக்கர்களின் பழைய கடவுள் சீயஸ் குழந்தையாக ஒளிந்து வளர்ந்த குகை. பிள்ளைகளை விழுங்கும் அப்பனுக்கு அழுகுரல் எட்டாதபடி காவலர்கள் கேடயங்களைத் தட்டி ஆடினார்களாம். ஒரு குழந்தையை ஒளிக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஹரிடிமோஸ் சிரிப்பான்.

ஆட்டுமணிகளை அவன் தட்டிப் பார்த்து, காதுக்கு ஒத்ததைத்தான் வாங்குவான். அடுத்தவர் மந்தையின் மணிகளும் அவனுக்கு அத்துப்படி. அந்தக் காதுதான் அவனைக் கெடுத்தது.

ஜூன் மாத மூடுபனியில் பக்கத்து மேய்ச்சல்காரர் பொலிடோரஸின் ஒன்பது ஆடுகள் காணாமல் போயின. இரண்டு நாள் கழித்து, பாலுக்கு உறை வாங்க மனைவியின் தம்பி மனூசோஸின் பட்டிக்குப் போனான் ஹரிடிமோஸ். உள்ளே பொலிடோரஸின் கிடாவின் மணி ஒலித்தது. மணிக்குள் மனூசோஸ் புல் அடைத்துத்தான் வைத்திருந்தான். பக்கத்தில் நின்ற ஆடு அதைத் தின்றுவிட்டது.

"மாப்ள, அது யாரு கிடா?"

"உனக்குக் காது ரொம்ப நீளம் மாமா. மடிச்சு வச்சுக்க."

"திருப்பி ஓட்டி விட்டுடுடா."

"எட்டு வித்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி, அதையும் நாளைக்கு அறுத்துடுவேன். வெளிய சொன்னா அக்கா தாங்குவாளா, யோசிச்சுக்க."

தாயில்லாத மனூசோஸை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவன் அக்கா, ஹரிடிமோஸின் மனைவி அரெட்டி. பொலிடோரஸுக்கோ நான்கு மகன்கள், நான்கு துப்பாக்கிகள். ஹரிடிமோஸ் வாயை மூடிக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் பொலிடோரஸ் வந்தார். "உன்னைக் குத்தம் சொல்லல. தடம் உன் மேய்ச்சல் வழியா போயிருக்கு. ஞாயித்துக்கிழமை தேவதூதர் மிக்கேல் கோயில்ல படத்தைத் தொட்டுச் சொல்லிடு. அப்புறம் உன்னைக் கேக்கவே மாட்டேன். உன் சொல்லுக்குத் துணைச் சத்தியம் பண்ண உன் மச்சினன் வரட்டும்."

அங்கே சத்தியம் என்றால் மூன்று வார்த்தை: எடுக்கவில்லை, தின்னவில்லை, எடுத்தவனைத் தெரியாது. முதல் இரண்டையும் அவன் தயங்காமல் சொல்லலாம். மூன்றாவதில்தான் வசமாகச் சிக்கிக்கொண்டான். பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பத்தில் ஓர் உயிரை மிக்கேல் கொண்டுபோவார் என்பதில் அந்த மலையில் யாருக்கும் சந்தேகமில்லை. அவன் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. சத்தியம் செய்யாவிட்டால் இவன் திருடன். உண்மையைச் சொன்னால் மனூசோஸ் பிணம். ஞாயிறு வரையிலான மூன்று நாளும் ஹரிடிமோஸுக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தான், மனூசோஸை மனதாரச் சபித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனூசோஸ் முந்திக்கொண்டு படத்தின்மேல் கை வைத்தான். "எடுக்கல, திங்கல, தெரியாது." காபிக்கடையில் காபி கேட்பதுபோல் சொல்லிவிட்டுப் படத்தை முத்தமிட்டான்.

ஹரிடிமோஸும் கை வைத்தான். "எடுக்கல. திங்கல." அதற்குமேல் நாக்கு எழவில்லை. பொலிடோரஸ் நெருங்கி வந்தார்.

"அப்ப யாருன்னு தெரியும். யாரு?"

ஹரிடிமோஸ் கையைப் படத்திலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தொட்டுக்கொண்டு சொன்னால் அதுவும் பொய்ச்சத்தியமாகிவிடுமே.

"நான்தான் எடுத்தேன்."

தன் மந்தையிலிருந்து ஒன்பது ஆடுகளைப் பொலிடோரஸின் பட்டியில் கொண்டுபோய் விட்டான். அவன் காபிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அரெட்டி இரண்டு மாதம் அவனிடம் வாய் திறக்கவில்லை. ஆகஸ்டில் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்த பிறகுதான், ரொட்டி மாவைப் பிசைந்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் தம்பியும் அதே படத்தைத்தான் தொட்டான். கை நடுங்குச்சா? நீயும் இருக்கியே. ஊர்ல தலைகாட்ட முடியல."

ஹரிடிமோஸ் அடுப்பில் விறகைத் தள்ளினான்.

"குழந்தைக்கு ஞானத்தகப்பனா அவனே இருக்கட்டும்னு மககிட்டச் சொல்லிட்டேன். பிள்ளையை ஞானஸ்நானத் தண்ணியிலேருந்து தூக்குற கை சுத்தமா இருக்கணும். நீ என்ன சொல்ற?"

உள்ளறையில் குழந்தை வீறிட்டு அழுதது.

"சரி" என்றான்.