நெருப்பை நின்று பார்த்தவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கொள்ளி. ஒலிப் பிரிவில் இருக்கும் தம்பி முதலில் வைத்த பெயர் கொள்ளிவாய்ப் பிசாசு. கூப்பிட நீளமாக இருந்ததால் வாயும் பிசாசும் உதிர்ந்து, கொள்ளி மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வீடியோ கேம்களுக்கு நெருப்பு செய்வதுதான் அவள் பிழைப்பு. வீடு கட்டுகிறவர்கள், மரம் வளர்க்கிறவர்கள், முகம் வரைகிறவர்கள் எல்லோரும் வேறு வேறு மேசைகளில் இருந்தார்கள். எது எரிந்தாலும் அது அவள் மேசைக்கு வந்துவிடும்.

துணிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தவள். செல்போன் விளையாட்டு ஒன்றுக்கு மெழுகுவர்த்திச் சுடர் வேண்டும் என்று யாரோ கேட்டுவர, நாள் முழுக்க ஒரு மெழுகுவர்த்திக்கு எதிரே உட்கார்ந்து, அது எப்போது குனிகிறது, எப்போது நிமிர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சுடர்தான் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதன் பிறகு எத்தனையோ நெருப்பு. வீரன் களைத்துப்போய் உட்காரும் முகாம் தீ. சுட்டால் வெடிக்கும் சிவப்புப் பீப்பாய். பறக்கும் அசுரப் பல்லியின் வாயிலிருந்து பீச்சியடிக்கும் தீ. குகைச் சுவரில் வரிசையாகப் பந்தம்.

"ஏக்கா, ஆயிரம் வருஷமா மனுசங்களே நுழையாத குகைன்னு கதையில சொல்றாங்க. உள்ள பந்தம் எரியுது. யாரு வந்து ஏத்திட்டுப் போனா?" என்பான் ஒலித் தம்பி.

"நான்தான் ஏத்துனேன். எண்ணெய் ஊத்தணும்னா உன்னக் கூப்பிடுறேன், வா" என்பாள்.

உட்கார்ந்த இடத்தில் அவளால் உட்கார முடியாது. முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் எவனாவது சிகரெட் பற்றவைத்தால், பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் விட்டுவிட்டு அந்தத் தீக்குச்சியைப் பார்ப்பாள். மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் அவள் கணவனுக்கு இது பழகிப்போன விஷயம். "இந்தக் கண்ணு என்னைக்காவது எம் முகத்துல நின்னிருக்கா? அடுப்பாப் பொறந்திருந்தா எனக்கு யோகம்தான்" என்பான்.

அவள் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. விளையாட்டில் தெரிகிற நெருப்பு யாரையும் சுடாது. சுடுவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை இன்னொருவர் செய்து அதே இடத்தில் வைப்பார். ஆட்டக்காரன் பெட்டியைத் தொட்டால்தான் உயிர் குறையும். பெட்டி வைக்க மறந்துவிட்டால், கொழுந்துவிட்டு எரிகிற தீக்குள் பூங்காவில் நடப்பதுபோல நடந்து போகலாம். தெரிவது அவள் பாடு, சுடுவது அடுத்தவர் பாடு. இத்தனை வருஷமும் அப்படித்தான் போனது.

இப்போது கையில் இருந்த விளையாட்டு, பற்றி எரியும் ஒரு குடியிருப்பைப் பற்றியது. ஆட்டக்காரர் பக்கத்து வீட்டுக்காரர். நடைபாதையின் கடைசி அறையில் ஒரு சிறுமி மாட்டிக்கொண்டிருக்கிறாள். போய்த் தூக்கி வர வேண்டும். அந்த நடைபாதை நெருப்புக்காக அவள் ஒன்றரை வருஷம் மாரடித்திருந்தாள். கூரையோடு தவழ்ந்து, கதவுச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மேலே உருண்டு போகும் நெருப்பு. அவள் செய்ததிலேயே சிறந்தது. அது அவளுக்கே தெரியும்.

சோதனை நாளில் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆட வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குநரும் அவளும் ஒலித் தம்பியும் நின்றார்கள். முதலில் ஆடியவன் நடைபாதைக்கு வந்தான். நின்றான். நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு திரையைப் படம் எடுத்துக்கொண்டான். அடுத்து வந்த பெண்ணும் அப்படியே நின்று, "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கடைசி அறையில் சிறுமி செத்துப்போனாள். ஒருவர் விடாமல் எல்லோரும் இதையேதான் செய்தார்கள்.

"நம்ம ஊரெல்லாம் தீப்பிடிச்சா செல்போனத் தூக்குற கூட்டம்தானே சார்" என்றான் தம்பி.

இயக்குநர் சிரிக்கவில்லை. "கொள்ளி, நீங்க செஞ்சது நெருப்பில்ல, காலண்டர் படம். பயமே வரல. அடுத்த சோதனையிலயும் நின்னு வேடிக்கை பாத்தாங்கன்னா இந்தக் காட்சியையே தூக்கிடுவேன். கட்டடம் எரியுறத ஜன்னல் வழியா தூரத்துல காட்டிட்டுக் கதைய நகர்த்திடலாம்."

ஒன்றரை வருஷம் ஒரு ஜன்னலுக்குள் போய்விடும்.

நெருப்பை உயர்த்திப் பார்த்தாள். சிவப்பைக் கூட்டினாள். பொறி பறக்கவிட்டாள். அலுவலகத்தில் ஆடிப் பார்த்தவர்கள் இன்னும் அதிக நேரம் நின்றார்கள். காசாளர் அம்மா தன் மேசையை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டில் வாணலியில் எண்ணெய் வைத்திருந்தாள். இயக்குநர் போனில் கூப்பிட்டார். பேசிக்கொண்டே கூடத்துக்குப் போனவள் பேசி முடித்துத் திரும்பி வருவதற்குள் எண்ணெய் பற்றிக்கொண்டது. வாணலியின் விளிம்பிலிருந்து நெருப்பு எழும்பி, புகைபோக்கி இழுக்கிற பக்கம் சாய்ந்து, நுனியில் ரிப்பன்போலச் சுருண்டது. எண்ணெய் நெருப்பு இப்படிச் சுருளும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் கை தானாகப் போனைத் திருப்பியது. ஸ்லோமோஷனில் போட்டாள். ஒரு எட்டு முன்னே போனாள்.

யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள். கணவன். அடுப்பின் குமிழைத் திருகி கேஸை அணைத்தான். அதே கையோடு பெரிய மூடியை வாணலிமேல் கவிழ்த்தான். நெருப்பு மூச்சு முட்டி அடங்கியது. சுவரில் கரி படிந்திருந்தது. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், குளிர்சாதனப் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறவள். தண்ணீர் எடுக்க வந்தவளாம். வெளியே வர வேண்டுமானால் அடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"அவ அங்க நிக்கிறது உனக்குத் தெரியலையா?" என்றான் கணவன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"தெரியல."

"கத்திக்கிட்டு இருந்தாளே. எனக்கு மாடியில கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலங்க. சத்தியமா கேக்கல."

"அம்மா படம் புடிச்சிட்டு இருந்தாங்க" என்றாள் மகள். கோள் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் அடுப்படிக்குப் போனால் மகள் கூடத்து வாசலோடு நின்றுவிடுவாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பதிவை ஒலித் தம்பியிடம் காட்டினாள். காட்டக் கூடாதென்றுதான் நினைத்திருந்தாள். நெருப்பின் சுருளை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தான். அவன் முகம் மாறிப்போனது. ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் வைத்தான்.

அம்மா. அம்மா, இங்க. அம்மா. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது. நெருப்பின் இரைச்சல் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மகள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். இதெல்லாம் நடந்தபோது போன் பிடித்த கை ஆடவே இல்லை. படம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

"அக்கா, சோதனையில ஆளுங்க நின்னுடறாங்கல்ல? அவங்களும் இப்படித்தான்" என்றான் தம்பி மெதுவாக. "விளையாட்டுலயும் நெருப்பப் பாக்கப் பாக்கக் குரல் தேயணும். குரல் நின்னாதான் உறைக்கும். இந்தக் குரலயே வச்சுப் பாப்போமா? சோதனைக்கு மட்டும். அப்புறம் வேற ஆளப் பேச வச்சு மாத்திடலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலுக்குள் போகப்போகிற ஒன்றரை வருஷம் நினைவுக்கு வந்தது. "சோதனைக்கு மட்டும்" என்றாள்.

அந்தச் சோதனையில் முதலில் ஆடியவன் வழக்கம்போல நின்றான். நிமிர்ந்து பார்த்தான். குரல் தேய்ந்தது. பிறகு நின்றது. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏய், எங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, திரையில் கடைசி அறைக்கு ஓடினான். ஒருத்தி ஆடிக்கொண்டிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தன் வீட்டுக்குப் போன் பண்ணினாள். இயக்குநர் கண்ணாடியில் தாளம் போட்டார்.

"இதுதான், இதத்தான் கேட்டேன்! இந்தக் குரலத் தொடாதீங்க. எந்த நடிகை வந்தாலும் இது வராது. யாரு பேசினது?"

தம்பி கூரையைப் பார்த்தான். "எம் பொண்ணு" என்றாள் அவள்.

"அப்ப இன்னும் வசதி. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

கணவனிடம் முதலில் கேட்டாள். அவன் சட்டை மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பதை நிறுத்தவில்லை. "எங்கிட்ட என்ன கேள்வி? கூப்பிட்டது நானில்லையே."

மகள் கூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் சீவுவதை நிறுத்தி யோசித்தாள்.

"எல்லா ஊருலயும் கேக்குமா?"

"கேக்கும் கண்ணு."

"நான் கூப்பிட்டா வந்துடுவாங்களா?"

"வருவாங்க. நெறைய பேரு வருவாங்க."

"எல்லாரும்?"

பொய் சொல்ல அவளுக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை. "சில பேரு வரமாட்டாங்க."

"அப்ப அவங்க வீட்டுல நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மகள் பென்சிலுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையில், பையைக்கூட இறக்கி வைக்காமல், தம்பியை எழச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பதிவை விளையாட்டிலிருந்து எடுத்தாள். பிறகு தன் போனிலிருந்தும் அழித்தாள். பிறகுதான் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"அந்தக் குரல் கிடையாது சார்."

"அப்ப காட்சியும் கிடையாது. கைக்கு எட்டுனத வாய்க்கு எட்டாமப் பண்றீங்க, கொள்ளி."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க. ஒரே ஒரு சோதனை. அப்பவும் நின்னாங்கன்னா நானே தூக்கிடுறேன்."

வெள்ளிக்கிழமைக்குள் அவள் செய்த வேலையைப் பார்த்துத் தம்பி தலையில் கை வைத்தான். நெருப்பைக் கூட்டவில்லை. அணைத்துக்கொண்டே வந்தாள். கூரையில் தவழ்ந்த நெருப்பு போனது. கதவுச் சட்டத்தைச் சுற்றியது போனது. நடைபாதையில் இடுப்புயரத்துக்கு மேலே கரும்புகை. நின்றால் எதுவும் தெரியாது, குனிந்து தவழ்ந்தால் தரை கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு கதவின் அடியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, அது மூச்சுவிடுவதுபோல அகலும், ஒடுங்கும். குரலுக்கு ஒரு நடிகையைப் பேச வைத்தார்கள். நன்றாகத்தான் பேசினாள். அந்தக் குரல் இல்லை, அவ்வளவுதான்.

"அக்கா, நீ செஞ்சதுலயே நல்ல நெருப்பு அது. இப்ப கதவத் தொறந்தா உள்ள கண்ணச் சிமிட்டுற நேரம் தெரியுது. அப்புறம் காணோம். வயித்தெரிச்சலா இல்லையா?"

"இருக்கு. நீ கதவுச் சத்தத்தப் பாரு."

சோதனை அன்று இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நெருப்பக் காணோமே. விளம்பரத்துல எதக் காட்டுவேன்?"

"அது உங்க பாடு சார்."

முதல் பெண் நடைபாதைக்கு வந்தாள். நின்று பார்க்க அங்கே ஒன்றுமில்லை. திரையில் குனிந்தாள், நாற்காலியிலும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். தவழ்ந்தாள். வழி தப்பினாள். திட்டினாள். குரல் வந்த பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு மறுபடி தவழ்ந்தாள். அடுத்தவரும் போனார். அதற்கடுத்தவனும். போன முறைபோல யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, யாரும் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. ஆனால் போனார்கள். கொள்ளிக்கு ஒரு காலில் நிற்கவும் முடியவில்லை, இரண்டு காலில் நிற்கவும் முடியவில்லை.

கடைசியாக ஆடியவர் மட்டும் நடைபாதை முனையிலேயே நின்றார். பார்ப்பதற்கு எதுவும் இல்லாதபோதும் நின்றார். சிறுமியின் குரல் ஓய்ந்தது.

"ஒருத்தருதானே, விடுங்க" என்றார் இயக்குநர். "காட்சி இருக்கட்டும். எனக்குச் சம்மதம். கேக்குதா? ஜெயிச்சிட்டீங்க."

அவள் அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருந்தாள். அப்படிப் போகக் கூடாது. ஆடுகிறவரிடம் பேசக் கூடாது என்பது விதி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சார் நின்னுட்டீங்க? புகையா? வழி தெரியலையா?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "வழியெல்லாம் தெரிஞ்சுதும்மா. இவ்ளோ பெரிய கட்டடம். வேற யாராச்சும் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

ஒலித் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் பார்க்கவில்லை. நேரே தன் மேசைக்குப் போனாள். திரையில் நடைபாதையின் மற்ற கதவுகளைத் திறந்தாள். ஒவ்வொரு வீடாக நுழைந்து, மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டு, காப்பாற்றப் போக வேறு யாரும் இல்லை என்று ஆட்டக்காரருக்குத் தெரிகிறமாதிரி வெளிச்சத்தை வைக்க ஆரம்பித்தாள்.