பூவரசில் தொங்கிய புள்ளி

என் மகள் என்னை ஒரு நீலப் புள்ளியாக்கிய அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நெஞ்சுக்குத்து வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இரத்தக் குழாய்க்குள் சின்னதாக ஒரு கம்பிச்சுருளை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த கிழமை அது. மகளுக்கு வவுனியாவில் வேலை. நெளுக்குளத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறாள். லீவு போட்டு வந்து நின்றவள் என் போனை வாங்கி, விரலால் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பித் தந்தாள்.

"லொக்கேசன் போட்டுவிட்டிருக்கிறன் அப்பா. என்ரையும் போட்டிருக்கிறன். இனி நீங்கள் எங்கை நிண்டாலும் எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்."

"நான் என்ன கட்டாக்காலி மாடே, மணி கட்டிவிட?" என்று கேட்டேன்.

"மாடெண்டால் சொன்னால் கேக்கும்," என்று குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

எங்கள் பக்கத்தில், வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது. "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். "கிட்டத்தான்" என்றோ, "ஓம், கொஞ்சம் தூரம்" என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். கலியாணம் கட்டிய நாளில் இருந்து மனைவி என்னிடம் அதற்கு மேல் ஒரு சொல் கேட்டதில்லை. எங்கே, ஏன், யாரிடம் என்றெல்லாம் கேட்டவர்கள் வேறு ஆட்கள். வீதியை மறித்து நின்று, அடையாள அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்தக் கேள்வி கசந்து போயிருந்தது. இப்போது கேட்க ஆளில்லாத நேரத்தில், என் சட்டைப் பைக்குள் இருக்கிற சாமானே நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மனைவிக்கு அந்த எரிச்சல் இல்லை. நாலைந்து நாளில் அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சமையல். எங்கள் வயல் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் விளைகிற வயல். நான் தண்ணீர் பார்க்கப் போய் வரம்பில் கொஞ்ச நேரம் குந்தி இருந்தால் உடனே அழைப்பு வரும். "ஏன் அசையாமல் நிக்கிறியள்?" தேத்தண்ணிக் கடையில் நின்றால் அதற்கும் வரும். "சீனி போட்டோ குடிக்கிறியள்?" மகளின் புள்ளி வவுனியாவில், என் புள்ளி வாய்க்கால் கரையில். பொழுது படுகிற நேரத்தில் இரண்டையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் விளக்கு வைப்பாள். கூட்டுக்குள் குஞ்சுகளை எண்ணி அடைக்கிற மாதிரி.

"உமக்கு வேறை வேலை இல்லை," என்று பகிடி பண்ணுவேன். "அந்தக் காலத்திலை இது இருந்திருந்தால் நீர் கமம் செய்ய என்னை விட்டிருக்கவே மாட்டீர்."

அவள் சிரிக்கமாட்டாள். "அந்தக் காலத்திலை இருந்திருந்தால்..." என்று தொடங்குவாள். பிறகு கறியைக் கிண்டத் தொடங்கிவிடுவாள். நான் அந்த மிச்ச வசனத்தை ஒருநாளும் கேட்டு வாங்கவில்லை.

காலபோக அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வருசமும் புது அரிசியில் ஒரு பங்கு கொக்கிளாய்க்குப் போகும். அங்கே களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிற, மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பம். யுத்தம் முடிந்து முகாமில் கிடந்த காலத்தில் அவர்களின் கூடாரமும் எங்கள் கூடாரமும் ஒட்டியபடி இருந்தன. ஒரு அடுப்பில் இரண்டு குடும்பமும் சமைத்தோம். அந்த வீட்டுக்காரன் எனக்கு நண்பனானான். வெளியே வந்த பிறகும் அது விட்டுப் போகவில்லை. நான் அரிசியோடு போவேன், இறாலோடு வருவேன். இந்த முறை மனைவி என் நெஞ்சைக் காட்டி மறிக்கப் பார்த்தாள். மூட்டை வேண்டாம், ஒரு பைதான் கொண்டு போகிறேன், மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ்ஸில்தான் போகிறேன் என்று சமாதானம் சொல்லி முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கொக்கிளாயில் நண்பனின் வீட்டில் போன் வேலை செய்யாது. களப்புக் கரையில், வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூவரசு நிற்கிறது. அதன் கீழ்க் கொப்பில் மட்டும் கவரேஜ் வரும். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தங்கள் போனைச் சொப்பிங் பையில் சுற்றி அதில் தொங்கவிடுவார்கள். எது அடித்தாலும் அந்தப் பக்கம் போகிற ஆள் எடுத்துப் பார்த்து, உரியவரைக் கூப்பிட்டுச் சத்தம் வைப்பார். ஊருக்கு ஒரு மரம்தான் ரெலிபோன் கந்தோர்.

"அண்ணை, போனை வள்ளத்துக்குக் கொண்டு வராதேங்கோ. என்ரை ஒண்டு போன மாதம்தான் தண்ணிக்குள்ளை போனது," என்றான் நண்பன். அவனுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுக் களப்புக்குள் இறங்கினோம்.

அன்று பக்கத்து ஊரில் ஒரு கலியாணம். நண்பனின் மனைவி, அயலட்டை, பிள்ளை குட்டி எல்லாம் அங்கே போய்விட்டார்கள் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வலையில் நல்ல இறால். ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு, உச்சி வெயிலுக்குப் பிறகுதான் கரைக்கு வந்தோம். மரத்தடிக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன். மனைவியின் அழைப்புகள் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. நண்பனின் போனிலும் அதே இலக்கம். திருப்பி எடுத்தேன். அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

மகளுக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"எங்கை அப்பா போனனீங்கள்? அம்மா காலமை எடுத்தவா. அப்பாவின்ரை புள்ளி தண்ணிக்கரையிலை அசையாமல் கிடக்குது, போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை எண்டு சொன்னவா. நான்தான், பயப்பிடாதேங்கோ, வீட்டிலை நில்லுங்கோ, வந்திடுவார் எண்டு சொன்னனான்."

"அம்மா எங்கை இப்ப?"

"வீட்டிலைதானே நிப்பா."

பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்தேன். கதவு பூட்டியிருக்கிறது என்றார். அவள் ஒரு பையோடு முல்லைத்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியதைக் கண்டாராம்.

திரும்ப மகளுக்கு எடுத்து, "அம்மாவின்ரை லொக்கேசனைப் பாரும் பிள்ளை," என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மாவின்ரை நாங்கள் போடேல்லை அப்பா."

போடத்தான் இல்லை. யாருக்கும் அந்த எண்ணமே வரவில்லை. வெளியே திரிகிறவர்கள் நாங்கள். அவள் வீட்டில் இருக்கிறவள். வீட்டில் இருக்கிற ஆளுக்கு எதற்குப் புள்ளி? குசினியில் நின்று அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. என் போனில் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பூவரசடியில் நான். வவுனியாவில் மகள். இடையில் பச்சையாகக் காடு. அந்தப் பச்சைக்குள் எங்கோ என் மனைவி ஒரு பஸ்ஸில் இருக்கிறாள். நெஞ்சு படபடக்க இருக்கிறாளா, மயங்கிக் கிடக்கிறாளா, வழி மாறி இறங்கிவிட்டாளா, எதுவும் தெரியாது.

திரும்பிப் போகலாம் என்று எழும்பினேன். அந்த நேரம் கலியாண வீட்டால் வந்து சேர்ந்த நண்பனின் மனைவி மறித்தாள். "நீங்கள் போக, அவா இஞ்சை வர, வழியிலை மாறிப் போவியள் அண்ணை. இஞ்சைதான் வருவா. நில்லுங்கோ." ஒரு கதிரையைக் கொண்டுவந்து பூவரசடியில் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். அவள் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. சும்மா நில்லுங்கோ என்று ஒரு மனிதனுக்குச் சொல்வது எவ்வளவு சுகம், நிற்பது எவ்வளவு பாடு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். போனை எடுத்தேன், அதே பெண் குரல் அதே பதிலைச் சொன்னது. ஒரு பஸ் வந்தது. அதில் அவள் இல்லை. என் வாழ்க்கையில் அதைப் போலப் பயந்த பொழுதுகள் இருந்தன. அவையெல்லாம் குண்டு விழுந்த காலம். சமாதான காலத்தில், காற்று நன்றாக அடிக்கிற ஒரு மர நிழலில் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தரம்.

வெயில் சரிந்த பிறகு ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. முதலில் மரத்தடி மணலைத்தான் பார்த்தாள். பிறகு தண்ணீரை. அதற்குப் பிறகுதான் ஓடி வந்துகொண்டிருந்த என்னைக் கண்டாள். கண்டதும் நின்றுவிட்டாள்.

"போன் எங்கை?" என்று கேட்டாள்.

"மரத்திலை கட்டினனான். தண்ணிக்குள்ளை கொண்டு போகப்படாதெண்டு..."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கொப்பில் அப்போதும் இரண்டு மூன்று சொப்பிங் பைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அப்படியே மணலில் இருந்துவிட்டாள். அவளுடைய போன் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். புள்ளியைப் பார்த்துப் பார்த்தே பஸ்ஸில் பற்றரி முடிந்துவிட்டதாம். முல்லைத்தீவில் இறங்கி, கொக்கிளாயில் களப்புக்கரை, ஒரு மரம் என்று வாயால் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். "பிள்ளை சொன்னவள்தானே வீட்டிலை நில்லுங்கோ எண்டு. நிண்டிருந்தால் நான் வந்திருப்பன். தனிய இவ்வளவு தூரம் என்னத்துக்கு வெளிக்கிட்டனீர்?"

அவள் களப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பி போன அண்டும் எனக்கு அப்பிடித்தான் சொன்னவை."

அவளுடைய தம்பி கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். அது எனக்குத் தெரியும். அன்று நான் அவர்களோடு இல்லை. நடக்க முடியாத என் தகப்பனைச் சுமந்துகொண்டு முன்னால் போயிருந்தேன். தண்ணீர் எடுக்கப் போனவன் வரவில்லை என்ற அளவில்தான் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். மிச்சத்தை அன்றுதான் சொன்னாள்.

"தண்ணிக்கரையிலை ஒரு மரத்தடியிலை கிடக்கிறான், அசையிறானில்லை எண்டு ஒருத்தர் வந்து சொன்னவர். நான் எழும்பினனான். பங்கருக்குள்ளை இருந்த சனம் முழுக்கப் பிடிச்சு இருத்தினது. பிள்ளையை வைச்சுக்கொண்டு போகாதை, நில், வந்திடுவான் எண்டு. நானும் நிண்டிட்டன். விடிய எங்களை அங்காலை முகாமுக்குக் கொண்டு போட்டினம். அந்த மரம் எங்கை எண்டுகூட எனக்குத் தெரியாது. காலமை பிள்ளை போனிலை அதே கதையைச் சொல்ல, நான் கதவைப் பூட்டினனான்."

இவ்வளவு நாளும் அவளைப் பகிடி பண்ணிய ஒவ்வொரு சொல்லும் எனக்குள் வந்து நின்றது. தொண்டை வறண்டு போயிருக்கும், தண்ணீராவது கொடுப்போம் என்று அவள் கொண்டுவந்த பையைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தல் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே என் நாக்கின் அடியில் வைக்கிற குளிசைப் போத்தல். அதற்கும் கீழே, தைப்பொங்கலுக்கு வாங்கி இன்னும் கட்டாத என் வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாமல்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. கேட்டிருக்கக்கூடாது.

"உயிரோடை இருந்தால் குளிசை. இல்லாட்டில் வேட்டி," என்றாள். "அவனுக்கு ஒரு துண்டு எடுத்துப் போர்க்கக்கூட நான் போகேல்லை. உங்களை எப்பிடியெண்டாலும் வீட்டை கூட்டிக்கொண்டு போறதெண்டுதான் வெளிக்கிட்டனான்."

நான் அந்த மணலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, நண்பனும் அவன் மனைவியும் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன். அவள் பதறிப்போய், நெஞ்சு நோகுதோ என்று கேட்டுக்கொண்டு குளிசைப் போத்தலைத் திறந்தாள்.