பள்ளம் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மனைவி, மகள் சகிதம் காரைத் தேயிலைச் சரிவில் இறக்கப் பார்த்தேன்.  

முதலில் பல்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, சனிக்கிழமைதோறும் குன்னூரில் கணக்குப் புதிர் வகுப்புக்குப் போகிறாள். அந்தச் சனிக்கிழமை காரில் ஏறியதுமே ஆரம்பித்தாள்.

"அணைஞ்சிருந்த பல்புப்பா. ஒருத்தர் ஸ்விட்சைத் தட்டிக்கிட்டே இருக்காரு. கடைசியில பல்பு எரியுது. எத்தனை தடவை தட்டினாரு?"

"எத்தனை?"

"தெரியாது. ஆனா ஒற்றைப்படை. நிரூபிக்கட்டுமா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வகுப்பா? அதற்கு நான் டிரைவரா? இந்த மாதத்தோடு நிறுத்து, மார்க் வாங்குகிற டியூஷனில் சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கேட்டாள்: "டியூஷன் போனா மார்க் வரும்னு எப்படிப்பா தெரியும்?"

அந்த வகுப்பில் பிடித்த வியாதி இது. சாம்பாரில் உப்பு சரி என்றால்கூட, எப்படித் தெரியும்?

மறுநாள் ஜெகதளா பக்கம், மனைவியின் ஆபீஸ் தோழி கட்டிய புது வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் மலையில் கதவு எண்ணெல்லாம் தபால்காரருக்குத்தான். மற்றவர்களுக்கு வளைவுக் கணக்கு. தோழி போனில் சொன்ன விலாசம் இது: "எஸ்டேட் கேட் தாண்டி நாலாவது கொண்டை ஊசி வளைவுங்க. திரும்பினதும் வலது கைப்பக்கம் மேலே ஏறுற பாதை."

கேட் தாண்டியதும் பனிமூட்டம், எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ட், இறங்கியது. பானெட்டே பாதிதான் தெரிந்தது.

"நாலு... வந்தாச்சு" என்றேன்.

"ஏனுங்க, மூணுதானுங்க ஆச்சு" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"பம்ப் ஹவுஸ்கிட்ட திரும்புனது?"

"அதெல்லாம் ஒரு வளைவுங்களா? ரோடு சும்மா கொஞ்சம் ஒதுங்குச்சு."

இருபது வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வளைவு தெரியாதா? வலது பக்கம் ஒரு இடைவெளி மங்கலாகத் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கினேன்.

"அப்பா, நில்லுங்க!"

பின் சீட்டிலிருந்து யாழினி. பிரேக்கில் கால் தானாகப் போனது.

"எஸ்டேட் கேட்டுகிட்ட பள்ளம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"பள்ளம் இடது பக்கம், மேடு வலது பக்கம். இப்ப என்ன அதுக்கு?"

"ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் பள்ளம் பக்கம் மாறும்ப்பா. பல்பு மாதிரி. நாலு தாண்டியிருந்தா திரும்ப இடது பக்கம்தான் இருக்கணும்."

சொல்லிக்கொண்டே இடது ஜன்னலை இறக்கிக் கையை நீட்டினாள். கை நிறைய ஈரப் பெரணி இலையும் சேறும் வந்தன.

"இந்தப் பக்கம் மேடு. அப்ப பள்ளம் வலது பக்கம். எத்தனை வளைவுன்னு எனக்குத் தெரியாது, நான் எண்ணவே இல்ல. ஆனா நாலு இல்லப்பா."

என்ஜினை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ட் விலகியது. நான் பாதை என்று நினைத்தது, தடுப்புச் சுவர் இடிந்து விழுந்த இடம். அதற்குக் கீழே தேயிலை, தேயிலை, தேயிலை... அதற்கும் கீழே தீப்பெட்டி அளவில் ஃபேக்டரி கூரை.

 மனைவி என் பக்கம் திரும்பினாள். "நான் மூணுன்னு சொன்னப்ப கேக்கல. புள்ள சொன்னா மட்டும் நிக்கறீங்க?"

நியாயமான கேள்விதான். இருவருமே சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால், ஒருவர் விடையை மட்டும் சொன்னால் பதிலுக்கு நம் விடையைச் சொல்லிச் சண்டை போடலாம். காரணத்தோடு வந்தால் எங்கே சண்டை போடுவது? என்னைப் போன்ற ஆட்களை நிறுத்த வேறு பிரேக் கிடையாது.

திரும்பி வரும்போது, யாரும் கேட்காமலே அறிவித்தேன்: "டியூஷன் வேண்டாம். அந்தப் புதிர் வகுப்பு எவ்வளவு நல்லதுன்னு இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சு."

"ஒரே ஒரு உதாரணம் நிரூபணம் ஆகாதுப்பா" என்றாள் யாழினி.