மஸ்தூரா அத்தை ஏற்ற மறுத்த சரக்கு

பெட்டி நிரப்பும்போது மஸ்தூரா அத்தை கறுத்துச் சுருங்கிய பழங்களைத்தான் மேலே வைப்பார். நல்லவை அடியில். எங்கள் மலையூரான இஸ்ஃபராவின் சந்தையில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாங்கியவன் வீட்டுக்குப் போய்ச் சபித்தால் அது மரத்தின் வேருக்கு இறங்கும் என்பார். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் வணிகம் படித்தவன் நான். இது வியாபாரமா, தொழுகையா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கூரையில் ஆப்ரிகாட் காயவைத்து விற்பதுதான் குடும்பத்தின் ரொட்டி. காயும்போது கந்தகப் புகை காட்டினால் பழம் கறுக்காமல் பளிச்சென்று இருக்கும்; காட்டாவிட்டால் கறுத்துவிடும். போன கோடையில் நுஸ்ரத் என்ற வியாபாரி, கந்தகப் புகை காட்டாத பழமென்றால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு வருடப் பிழைப்பு அது. நிறம் கறுத்திருந்தால் வேண்டாமென்று விடுவாரோ என்று பயந்த அத்தை மகன் தலேர், அத்தை ஊரில் இல்லாதபோது யாருக்கும் தெரியாமல் கூரையிலேயே பாதிப் பழத்துக்குப் புகை காட்டிப் பெட்டியில் அடைத்துவிட்டான்.

லாரி வந்த அன்று பெட்டியைத் திறந்ததும் அத்தையின் மூக்கே சொல்லிவிட்டது. நேராகப் போய் நுஸ்ரத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்தார்.

"நிறம் நல்லாத்தானே இருக்கு. அட்டையில என்ன எழுதணும்னு நான் பார்த்துக்கிறேன். நீங்க ஏத்துங்க அக்கா."

"பொய் அட்டையிலயும் எங்க தோட்டத்துப் பேருதான் இருக்கும். ஏத்த மாட்டேன்."

"பாதிச் சரக்குக்காக நான் இவ்வளவு தூரம் வரல. அப்போ நல்லதும் வேணாம்."

"லாரி வெறுமையா இருந்தா மேடு ஏற சுலபம். கிளம்புங்க தம்பி."

குளிர்காலத்தில் தொழுகையைத் தின்பதா என்று தலேர் கத்தினான். அத்தை கூடையை அவன் கையில் கொடுத்து, தாமதமாகப் பழுக்கும் பின்பருவ மரங்களைக் காட்டினார். புகை காட்டிய பழத்தைச் சந்தையில் அப்படியே சொல்லி, வந்த விலைக்குத் தள்ளினார்.

எங்கள் கூரை முழுக்கக் கந்தக நெடி. புதுப் பழத்தை அதில் பரப்ப அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு சபோகத்திடம் கூரை கேட்டார்.

"உன் கூரை எங்கடி, ஹஜ்ஜுக்குப் போயிடுச்சா?"

"பாவம் பண்ணிட்டு உக்காந்திருக்கு. இனிமேதான் போகணும்."

எங்கள் ஊரில் கூரைக்கு வாடகை வாங்க மாட்டார்கள். உடல் உழைப்பாகத்தான் திருப்பித் தரவேண்டும். பனி விழுவதற்குள் வைக்கோல் கலந்த மண் குழைத்து சபோகத்தின் கூரையைத் தன் கையால் பூசித் தருவதாக அத்தை வாக்குக் கொடுத்தார். பழம் காய்ந்தது. புகை படாத பழைய பாதியோடு சேர்ந்து சில்லறையாக விற்றது. இலையுதிர் காலத்தில் ஒரு காலை அத்தை எழுந்திருக்கவில்லை. துக்கம் முடிவதற்குள் பனி வந்துவிட்டது.

கூரை பூச ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி தலேர் காசு கொண்டுபோனான். சபோகத் தொடவில்லை.

"அவ குடுத்தது வாக்கு. இதை நீயே வச்சுக்க."

இப்போது பனி உருகுகிறது. சபோகத் வீட்டுக்குள் ஒழுகும் இடத்தில் ஓர் அண்டா நிற்கிறது. அத்தை வாக்குக் கொடுத்த மண்ணை நானும் தலேரும் இன்னும் குழைக்கவில்லை.