கருக்கிய ரொட்டித் தண்ணீர்

அந்தச் சிவப்பு அட்டையில் ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு டம்ளர் வட்டங்கள். அட்டைக்குள் புத்தகம் இல்லை. காஜா பேராங் என்ற ஊரில் இருந்த வீட்டுக்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் தூக்கிப்போட எடுத்து, திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன்.

அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி எழுதிய சமையல் புத்தகம் அது. முன்பாதி பலகாரம், பின்பாதி குடிக்கிற வகைகள். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், துரை வீட்டில் சமைத்தவர். ஜப்பான்காரன் வருமுன் கப்பலேறிய துரையம்மா அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அண்ணிக்கு வாசிக்கத் தெரியாது. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே என்னைப் பலகாரப் பக்கங்களை வாசிக்கச் சொல்வார். “எதுக்கெடுத்தாலும் வெண்ணெய் போடுறாளே, வீட்டுல பத்து மாடு கட்டியிருப்பா போல” என்பார். எனக்குச் சிரிப்பு வராது. இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்ததற்காகப் பக்கத்துத் தெருவில் ஒருவரை ஜப்பான்காரர்கள் இழுத்துப்போயிருந்தார்கள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே என் கணவரைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று புத்தகத்தை விறகுக்கடியில் தள்ளுவேன். எரித்துவிடலாம் என்றால் அண்ணி கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் தினம் நாலு தாளாகப் பின்னாலிருந்து கிழித்து அடுப்பில் போட்டேன். வாசிப்பது முன்பாதிதானே, தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

என் மகனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, வயிற்றுப்போக்கு வந்தது. குடித்த பால் தங்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. என் கணவர் ஜாலான் பெண்டஹாரா தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியும் மருந்து கிடைக்கவில்லை. அண்ணி புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “சீக்காளிக்கு ரொட்டியக் கருக்கி ஒரு தண்ணி சொல்லியிருப்பா. பின்னால இருக்கும், படி.”

கிழிந்த ஓரம்தான் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

“சரி, புள்ளையப் பிடி” என்று அடுப்படிக்குப் போனார். விறகு ஈரம், பிடிக்கவில்லை. மீதித் தாள்களைத் தன் கையாலேயே கிழித்து அடுப்பில் வைத்தார். துரையம்மா வீட்டில் செய்ததை நினைவுபடுத்தி, ரொட்டிக்குப் பதில் காய்ந்த மரவள்ளி வில்லைகளைக் கருக்கி, கொதித்த தண்ணீரும் உப்பும் சேர்த்து வடிகட்டினார். ஈ மொய்க்காமல் அந்த அட்டையால் டம்ளரை மூடினார். இரண்டு நாள் கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். மூன்றாம் நாள் பிள்ளை குரலெடுத்து அழுதான்.

அதற்குப் பிறகு அண்ணி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எத்தனையோ வருஷம் கழித்து, சோறு இறங்காமல் அவர் படுத்திருந்தபோது, நல்ல ரொட்டியையே கருக்கி அந்தத் தண்ணீரைக் கொண்டுபோனேன். மேலே அதே அட்டைதான் மூடி. ஒரு வாய் குடித்தார்.

“சரியா இருக்கா அண்ணி?”

“அந்தத் தாள் இருந்தா பாத்துச் சொல்லலாம்” என்றார். அட்டையை எடுத்து, டம்ளரை அவரே மூடினார்.