தொட்டில் சட்டத்தில் இருந்த கை

சென்ற ஆண்டு ஆனி மாதம். ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கூடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், சேலத்து மருத்துவமனையில் பெண் குழந்தையைப் பெற்று வீடு திரும்பியிருந்தாள். மருமகன் ரிக் வண்டியோடு வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போடச் சென்றிருந்தார். ஆகவே மருத்துவமனை அட்டையில் தொடர்புக்கென்று என் கைபேசி எண்ணையே கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் குழந்தையின் காதுகளில் சிறு கருவி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதுகளிலும் பதில் வரவில்லை. காதில் நீர் தங்கியிருந்தாலும் அப்படிக் காட்டும், ஒரு மாதத்தில் மறுபடி கொண்டுவாருங்கள் என்று சோதித்த பெண் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். பச்சை உடம்புக்காரியை ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அது அன்பு என்றே நினைத்தேன்.

விடியற்காலையில் நீராடி, விளக்கேற்றிப் பதிகங்களைப் பண்ணோடு ஓதுவது என் ஐம்பது ஆண்டுப் பழக்கம். பேத்தி வந்தபின் மரத்தொட்டிலருகே அமர்ந்து, ஒரு கையால் அதன் சட்டத்தில் தாளம் தட்டிக்கொண்டு ஓதினேன். குழந்தை கண்ணை விரித்து என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தக் கணமே என் அச்சம் அகன்றது. ஆண்டவன் சந்நிதியில் கிடைத்த விடைக்கு மேல் ஒரு கருவியின் விடை எதற்கு?

பகலெல்லாம் தறிச் சத்தத்தில் அவள் அயர்ந்து தூங்கினாள். எங்களிடம் தறி ஓட்டும் அம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "தறிக்காரவுங்க ஊட்டுப் புள்ளையாச்சுங்களே, தறி நின்னாத்தான் முழிக்கும். நாளைக்கி இவளே தறியில நூல் நாடா மாத்திருவா பாருங்க." நானும் பெருமையோடு சிரித்தேன்.

ஒரு மாதம் கழிந்ததும் அந்தப் பெண் அழைத்தார். சோதனையில் தேறாத குழந்தைகள் விட்டுப்போகாமல் மறுசோதனைக்கும் பயிற்சிக்கும் கொண்டுசேர்ப்பது அவருடைய பணி.

"பேத்திக்கு நல்லாக் கேக்குதுங்க. நான் பாடுனா திரும்பிப் பாக்கறா" என்றேன்.

"சந்தோசங்கய்யா. இருந்தாலும் ஒருக்கா கொண்டாந்துருங்க. அஞ்சு நிமிச வேலைதான்."

வருகிறோம் என்று சொல்லிப் போகவில்லை. இரண்டாம் அழைப்பில், ஆடி கழியட்டும் என்றேன். மூன்றாம் அழைப்பு ஓதும் நேரத்தில் வந்தது. கைபேசியை அணைத்துவிட்டேன்.

பின்னர் ஒருநாள் கிராம செவிலியரோடு அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து அவர் பேசத் தொடங்கவும் மின்சாரம் போயிற்று. நான்கு தறிகளும் ஓய்ந்தன. குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதாள்.

"பாத்தீங்களா, சத்தம் நின்னதும் முழிச்சுக்கிட்டா" என்றேன், வழக்கில் வென்றவனைப் போல.

குழந்தை அமைதியானபின் அவர் என்னைப் பாடச் சொன்னார். தொட்டிலருகே அமர்ந்தேன்; பழக்கத்தில் கை சட்டத்துக்குப் போயிற்று. பேத்தி திரும்பினாள்.

"இப்போ கைய எடுத்துட்டு, தலைமாட்டுல நின்னு பாடுங்கய்யா."

பாடினேன். குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தினேன். கோயில் மண்டபத்தின் கடைசித் தூண்வரை எட்டும் குரல் அது. ஓர் அடி தூரத்தில் கிடந்தவள் இமைகூட அசைக்கவில்லை. பாட்டின் நடுவில் எனக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று.

அப்போது மின்சாரம் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கியதும் அவள் கண்கள் சொருகின. அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தொட்டில் சட்டத்தில் வைத்தார். தரையிலிருந்து ஏறிய அதிர்வு மரத்தில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. பேத்தி திரும்பியது இதற்குத்தான்.

"எத்தன தடவப்பா கூப்பிட்டாங்க?" என்று அதுவரை பார்த்துக்கொண்டு நின்ற மகள் கேட்டாள்.

"மூணு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேப்பா." அதன்பின் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மாதத்துக்குள் குறையைக் கண்டறிந்து ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி பொருத்திப் பயிற்சி தொடங்கினால் பேச்சு நன்றாக வர வழியுண்டு என்று அந்தப் பெண் மகளிடம் சொன்னார். அப்போது மூன்று மாதம் முடியப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. அங்கேயே நின்று யார் யாரையோ அழைத்துச் சேலத்தில் ஒரு நேரம் வாங்கித் தந்தார். குழந்தை தூங்கும்போதுதான் அந்தச் சோதனையைச் செய்ய முடியுமாம். வழியில் தூங்கவிடாதீர்கள் என்று எச்சரித்தார்.

பேருந்தில் அவள் கண் மூடும்போதெல்லாம் மகள் உள்ளங்காலைச் சுரண்டி விழிக்கவைத்தாள். பெற்றவளே குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியிருந்தது என்னால்தான்.

சோதனை அறை கதவு மூடியதும் கிணற்றின் அடியாழம் போல நிசப்தமாயிற்று. குழந்தை தூங்க மறுத்து வீறிட்டாள். பால் கொடுத்தும் தோளில் போட்டும் பயனில்லை. ஒரு மணி நேரம் சென்றது. வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. இன்று முடியாவிட்டால் அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் என்றார் சோதனை செய்பவர்.

அந்த அறையில் தறி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினேன். குதிகாலைத் தரையில் தட்டித் தட்டி, தறியின் கதியில் தொடையை அதிரவைத்தேன். வாய் திறந்து பாடவில்லை. சிறிது நேரத்தில் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, தூங்கிப்போனாள்.

"அப்படியே இருங்க. இனி அசையக் கூடாது" என்று சொல்லி, அவள் நெற்றியிலும் காதோரத்திலும் ஒயர்களை ஒட்டினார்கள். முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன். கால் மரத்தது. விழித்துவிடுவாளோ என்று என் மூச்சையே அடக்கினேன். திரையில் ஓடிய கோடுகள் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கோட்டிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு காதுகளிலும் குறை இருந்தது, பலத்த குறைதான். ஆறாம் மாதம் பிறக்கும் முன்பே கருவிகள் வந்துவிட்டன. கருவிக்கான தாள்கள், பயிற்சி மையத்தில் இடம், வாராவாரம் போக வேண்டிய நாள் என ஒவ்வொன்றையும் அந்தப் பெண் நினைவுபடுத்தி அழைத்தார். நான் வீணாக்கிய நாள்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளும் பின்னர் பேசிவிட்டாள். ஆனால் அட்டையில் என் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதிக்கொண்டாள். அது நியாயம்.

இப்போதும் விடியற்காலையில் ஓதுகிறேன். மகள் கருவிகளை மாட்டிவிட்டபின், பேத்திக்குப் பின்னால் நின்று, இரு கைகளையும் முதுகில் கட்டிக்கொண்டு தொடங்குகிறேன். சில நாள் உடனே திரும்புகிறாள். சில நாள் திரும்புவதில்லை. பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்டில் அன்றாடம் அதைக் குறித்துவைப்பது என் பொறுப்பு. ஐம்பது ஆண்டு ஓதியும் எனக்குக் கைவராத பணிவை, 'இன்று திரும்பவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதும் அந்த ஒரு வரியில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.