அஞ்சலை வீட்டு விலாசம்

கடலூரில் எதைக் கேட்டாலும் பதிலுக்குக் கதவு எண் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால் கதவு எண். நகராட்சி ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பாட்டிலை நீட்டினால் கதவு எண். அம்மை குத்த வருகிறவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே கேட்பதும் அதைத்தான். ரங்கூனிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். என்னோடு ஒரே கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோனவர்களுக்கு அப்படி இராது.

எங்களுக்கு எண் இல்லாமல் இல்லை. புதுப்பாளையத்தில் என் கணவரின் தாத்தா கட்டிய வீடு இருந்தது. அவருடைய மூத்த மகன், அதாவது என் மாமனார், பிழைக்கப் பர்மா போய் அங்கேயே காலமானார். இளையவர் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் நாங்கள் வந்து இறங்கியபோது, பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தவர் அந்த இளையவர், என் சின்ன மாமனார்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. எங்கள் பெயரும் அந்தக் கதவு எண்ணும் ஒரே காகிதத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். ரேஷன் கார்டில்கூட எங்களைச் சேர்க்கவில்லை.

வந்த ஆறாம் மாதம் என் கணவருக்குச் சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டில் வேலை கிடைத்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ரயிலேறி வருவார். மற்ற நாட்களில் பின்கட்டு அறையும் நானும்தான். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் அதில் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் பொழுதைத் தெரிந்துகொள்வேன். கடைக்குப் போக மட்டும் அனுமதி உண்டு. கடைக்குப் போகிற வழியில் கிளை நூலகம் இருந்தது.

முதல் நாள் உள்ளே போய், "புத்தகம் வாடகைக்கு வேணுங்க" என்று கேட்டேன்.

நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாடகைக்கு எதுவும் வுடறது இல்லம்மா. சைக்கிள் கடை எதுத்தாப்புல இருக்குது."

எனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை, அவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. ரங்கூனில் எங்கள் தெருமுனையில் மா தின் என்ற பர்மியப் பெண் வாடகைக்குப் புத்தகம் கொடுத்துவந்தாள். அவள் யாரையும் பெயர்கூடக் கேட்டதில்லை. தன் நோட்டில் என்னை 'நீல ஜன்னல் வீட்டுப் பெண்' என்று எழுதிக்கொள்வாள். ஆனால் அதே தெருவில், நாங்கள் அந்நியர் என்று சொல்லும் பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் நடந்தோம். அந்த ஊரைத் தங்கம் என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை.

நூலகர் பிறகு விவரம் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து படிக்க யாரும் தடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால், நகராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை வாங்கிவந்து சின்ன மாமனாரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பேப்பர் வேணும்னா நான் வாங்கியாறேன்."

கடைசிவரை பேப்பர் வரவில்லை. நானும் படிவத்தைக் கிழிக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன்.

நூலகத்தில் பெண்களுக்கென்று சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். கடைக்குப் போகிற நாட்களில் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அங்கேதான் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிற பெண். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, தன் மகன் தூத்துக்குடியிலிருந்து எழுதும் கார்டைப் படித்துக் காட்டச் சொல்லி நூலகரிடம் வருவாள். ஒருநாள் அவருக்கு வேலை அதிகம். நான் படித்துக் காட்டினேன். தனக்குப் பெண் பார்க்கச் சொல்லி மகன் எழுதியிருந்தான். அவள் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு கார்டு வந்தால் என்னைத்தான் தேடுவாள்.

என் படிவத்தின் கதையைக் கேட்டதும், "நான் வரி கட்றவதான்" என்றாள். "எம் பேருலதான் ரசீது வருது. எங்க வெரல உருட்டணும் சொல்லு."

நூலகர் விதிப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். "கைநாட்டு ஆவாதுன்னு இதுல எங்கயும் போடல" என்று மைப்பெட்டியைத் திறந்தார். அட்டையில் விலாசம் எழுதும் இடம் வந்தபோது என்னைப் பார்த்தார். சின்ன மாமனாருக்குப் பயந்து வீட்டு எண்ணை நான் சொல்லவில்லை. "எங்கூட்டு நம்பரயே எழுதுங்க சார்" என்றாள் அஞ்சலை அக்கா. எழுதிவிட்டார்.

அந்த ஒரு மாதம் நான் மூச்சு விட்டேன். மடியில் புத்தகம் இருந்ததால் எதிர்ச்சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் சின்ன மாமனார் அட்டையைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் விலாசத்தை இரண்டு முறை படித்தார், முகம் தெளிந்தது. "இது எங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று பத்து நாள் கழித்துத்தான் விளங்கியது. வீட்டைத் தன் ஒருவர் பெயருக்கு மாற்ற மனுப் போட்டிருந்தார். விசாரிக்க நகராட்சியிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். அண்ணன் மகன் இங்கே குடியில்லை என்று சொல்லி, சின்ன மாமனார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார்.

"இது உன் கார்டாம்மா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிற அட்ரஸ் சரிதானா?"

பொய் என்று சொன்னால் வீட்டில் எங்களுக்குள்ள பாத்தியதை நிற்கும். ஆனால் அஞ்சலை அக்காவின் கைநாட்டும் பொய்யாகிவிடும், நூலகரின் வேலைக்கும் ஆபத்து வரலாம். சரி என்று சொன்னால் என் கணவரின் அப்பா பிறந்த வீடு போகும். சின்ன மாமனார் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"சரிதாங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு புஸ்தகத்துக்காவா?"

"இல்ல, அந்த அக்காவுக்காக. அவுங்க நம்மள யாருன்னு கேக்காம வெரல உருட்டுனாங்க."

 அடுத்த வாரமே அவர் சிதம்பரத்தில் அறை பார்த்துவிட்டார். சின்ன மாமனார் எங்கள் பெட்டியைத் தானே தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார், தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. குமாஸ்தா என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்த அட்டையை நூலகத்துக்குப் போய் ஒப்படைத்தேன். அஞ்சலை அக்காவிடம் எதையும் சொல்லவில்லை, சொன்னால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

சிதம்பரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடு போனதைப் பற்றி என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. விடுதி ஆட்கள் யாராவது வந்தால் மட்டும், "கடலூர்ல எங்களுக்கு ஒரு வீடு இருந்துச்சு" என்று பேச்சை ஆரம்பிப்பார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். புதுப்பாளையத்தில் என்னைப் பர்மாக்காரி என்றார்கள். இந்தத் தெருவில் கடலூர்க்காரி என்கிறார்கள். ரங்கூனில் தங்கிவிட்ட அப்பா தம் கடிதங்களில், 'உங்கள் நாட்டில் மழை உண்டா' என்று கேட்டு எழுதுகிறார்.

இன்று காலை தெருக்குழாயில் என் முறைக்காகக் குடங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். தித், நித், தோங், லே என்று பர்மிய எண்களில் உதடு தானாக அசைந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் உற்றுப் பார்த்தாள்.

"என்னா முணுமுணுக்கறீங்க, சாமி பேரா?"

"ஆமாங்க" என்றேன்.

அவள் மரியாதையாகச் சற்று ஒதுங்கி நின்றாள். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இம்முறை தமிழிலேயே எண்ணுவோம் என்று முதல் குடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை வந்தது. நாலாவது குடத்துக்கு வாய் மறுபடி லே என்றது.